விலை குறைந்த ஆல் டெர்ரெய்ன் டயர்: 24,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போட்ட கணக்கு

சாப்டூருக்கு அங்குட்டு, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும் மாவும் இருக்கிறது. மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் வழியாகப் போய்விட்டு வந்தால் 130 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதில் தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணிலும் கல்லிலும் ஓடுவது போக நாலு, வர நாலு, ஆக மொத்தம் 8 கிலோமீட்டர். இந்த 8 கிலோமீட்டருக்காகத்தான் டயரை மாற்றினேன். மீதி 122 கிலோமீட்டரை அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

வண்டி பழைய போலேரோ, பின்வீல் இழுவை மட்டும்தான். டயர் அளவு 215/75 ஆர்15. முன்னால் சாதாரண ரோடு டயர்தான் கிடந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு டயர் பக்கவாட்டில் கிழிந்து போனது, இரண்டுமே ஓடைக்கல்லில். பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். ஒன்று 6,300 ரூபாய். அந்த எரிச்சலில் பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போய் நின்றேன். தார் ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் சேர்த்துச் செய்கிற ஆல் டெர்ரெய்ன் டயர், சுருக்கமாக ஏ.டி. டயர், பெரிய கம்பெனியில் என்ன விலை என்று கேட்டதும் சத்தமில்லாமல் பேச்சை மாற்றினேன். கடைக்காரத் தம்பி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "அண்ணே, பட்ஜெட்டுலயும் ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?" என்று உள்ளே கூட்டிப்போனார். ஒன்று 5,400. நாலும் போட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை, எனக்கு வாய்த்த நாலு டயரை வைத்து அவர்கள் செய்கிற எல்லாவற்றையும் குறை சொல்வது நியாயமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரோடு டயரில் பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகளின் ஆழம் 8 மில்லிமீட்டர் அளவில் இருந்தது, இதில் 11. சீமைக்கருவேல முள் ஏறினாலும் அந்தத் தடிப்புக்குள்ளேயே முறிந்து நின்றுவிடுகிறது. மாதம் ஒரு தடவை வண்டியை நிழலில் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பட்டன் இடுக்கில் மாட்டிய கல்லைக் கிளறி எடுக்கும்போது பார்த்தால் நாலைந்து முள் மொட்டையாக நின்றுகொண்டிருக்கும். குறட்டால் பிடுங்கி, அந்த இடத்தில் எச்சிலைத் தடவிப் பார்ப்பேன், குமிழி வராது. இந்த இரண்டு வருஷத்தில் பஞ்சர் ஒன்றே ஒன்று, அதுவும் திருமங்கலம் ரோட்டில் ஆணி ஏறியது, தோப்பில் இல்லை. ஓடைக்கல்லிலும் பின்வீல் வெட்டியாகச் சுற்றுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

கரிசல் வேறு கதை. காய்ந்த கரிசலில் எந்த டயரும் ஓடும். ஐப்பசி மழையில் நனைந்த கரிசலில் இது பத்தடிகூடத் தாண்டவில்லை. பட்டன் இடுக்கு முழுக்க மண் அப்பி, டயர் உருண்டு திரண்ட கருப்பட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. இடைவெளி அகலமாக உள்ள மட் டெர்ரெய்ன் டயர், அதாவது சேற்றுக்கென்றே செய்கிற டயர்தான் சுற்றும்போது மண்ணை உதறும், ஏ.டி. டயரின் இடைவெளி அதற்குப் போதாது. அன்றைக்கு டிராக்டர் வந்துதான் இழுத்தது. சித்தப்பா வரப்பில் நின்றுகொண்டு, "இதுக்குத்தான் இருபதாயிரம் குடுத்தியாடா?" என்றார். மழை பெய்தால் இப்போதெல்லாம் வண்டியைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்துவிடுகிறேன்.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சொல்வார்கள். உண்மைதான், டயர் தரையில் படிகிற நீளம் கூடும். 30 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருக்கும் டயரை 22க்கு இறக்கிப் பார்த்தேன், வண்டி கல்லில் மெத்தை போலப் போனது. ஆனால் காற்று குறைந்தால் பக்கவாட்டு பிதுங்கி வெளியே வரும், நம்ம ஊர்ப் பாதையில் இரண்டு பக்கமும் கருவேல்தான் நிற்கும். முள்ளுக்கு நாமே வயிற்றைக் காட்டின மாதிரி. மணலுக்குச் சரி, முள்காட்டுக்கு வேண்டாம்.

இப்போது அந்த 122 கிலோமீட்டருக்கு வருகிறேன். கப்பலூரைத் தாண்டி 80ல் போனால் 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம், தேனீக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. புதிதில் இவ்வளவு இல்லை, 10,000க்கு மேல் பட்டன் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கியதும் கூடிவிட்டது. முன்பின் டயரை 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிப் போட்டிருந்தால் குறைந்திருக்கும், நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன், அது என் தப்பு. மைலேஜ் லிட்டருக்கு 13.5 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 12.6. கனமான டயர், உருள அதிக எதிர்ப்பு, வேறொன்றுமில்லை. 24,000 கிலோமீட்டரில் அது 127 லிட்டர் டீசல். லிட்டர் 93 என்று வைத்தாலும் 11,800 ரூபாய். ரோடு டயர் விலையோடு பார்த்தால் நாலு டயரிலும் சேர்த்து நான் மிச்சம் பிடித்தது 3,600. சரி, கிழிந்த டயருக்குத் தண்டம் அழுதது 12,600 ஆயிற்றே, அது இப்போது இல்லையே என்று பார்த்தால் கணக்கு எப்படியோ கட்டிவருகிறது. வருஷத்துக்கு ஒன்றாவது கிழிகிற பாதையில் போகிறவனுக்குத்தான் இப்படிக் கட்டும், மற்றவருக்குக் கைநஷ்டம்.

இதெல்லாம் காசு. எனக்குப் பயமாக இருப்பது ஈரத் தார் ரோட்டில் பிரேக். உசிலம்பட்டி ரோட்டில் ஒரு தூறலில், செக்கானூரணிக்கு முன்னால், ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. வேகம் 50 கூட இல்லை. பழைய டயராக இருந்தால் நின்றிருக்கும் இடத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போய், கடைசி ஆட்டின் வால் பம்பரில் படுகிற தூரத்தில் நின்றது. ஆட்டுக்காரப் பெரியவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. பிறகு கடைத் தம்பிதான் காரணத்தைக் காட்டினார். நல்ல டயரில் ஒவ்வொரு பட்டன் மேலேயும் பிளேடால் கீறின மாதிரி மெல்லிய கோடுகள் நெருக்கமாக இருக்கும், ஈர ரோட்டைப் பிடிப்பது அந்தக் கோட்டின் விளிம்புகள்தான். என்னுடையதில் ஒரு பட்டனுக்கு ஒரு கோடு, அதுவும் ஆழமில்லை, பாதி தேய்மானத்திலேயே மறைந்துவிட்டது. ரப்பரும் கெட்டி. நகத்தால் அழுத்திப் பார்த்தால் பக்கத்தில் கிடந்த டயரில் தடம் விழுகிறது, இதில் விழவில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடையில் குனிந்து இரண்டு இடம் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்ஜெட் டயர் கடையில் தூங்கும், எனக்கு முதலில் எடுத்து வைத்ததில் ஒன்று மூன்று வயதானது, மாற்றச் சொன்னேன், முகம் கோணாமல் மாற்றினார்கள். இன்னொன்று, பக்கவாட்டில் எத்தனை அடுக்கு பாலியெஸ்டர் என்று அச்சடித்திருக்கும். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 என்கிற விலை கூடின ஏ.டி. டயரில் மூன்று, அதனால்தான் அந்த விலை. என்னுடையதில் ரோடு டயர் போலவே இரண்டு. தோள்பக்கம் பட்டன் இறங்கி மூடியிருப்பதால்தான் கல்லைத் தாங்குகிறது, அதற்குக் கீழே அடி பட்டால் இதுவும் அதே ஜாதிதான். 19,000ல் பின்னால் இடது டயரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்து, அதைக் கழற்றிவிட்டேன்.

பார்வைக்காக 235/75 போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். விட்டம் 3 செண்டிமீட்டர் கூடும், மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், முழுதாகத் திருப்பினால் உரசவும் செய்யலாம். கே.கே.நகரிலிருந்து மாட்டுத்தாவணி போய் வருகிறவருக்கு எந்த அளவிலும் ஏ.டி. டயரே தேவையில்லை, எவ்வளவு மிடுக்காக இருந்தாலும் சரி.

இப்போது பட்டனில் 6 மில்லிமீட்டர் மிச்சம். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், இன்னும் 20,000 தாராளமாக வரும். ஆனால் வருகிற ஐப்பசி வரைக்கும்தான் இதில் ஓட்டப்போகிறேன். கடைத் தம்பியிடம் பெரிய கம்பெனி டயருக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன், டயருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆனதில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை ஐந்தாகக் கேட்டிருக்கிறேன், ஸ்டெப்னியில் கிடந்த பழைய ரோடு டயரைத்தான் வீங்கினதுக்குப் பதிலாக மாட்டி ஐந்து மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.