ஒன்பதாவதில் இடம் கொடுத்த மாநகராட்சிப் பள்ளி

தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிச் சேர்க்கைக்கு நகல் எடுக்க வருகிறவர்கள்தான். "உங்க பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்லதானேக்கா படிக்குது, எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நகல் எடுத்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். மகள் இன்னும் அங்கே படிப்பதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. வட சென்னையில் இருக்கும் ஒரு மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு.

படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வதில் இந்தப் பள்ளிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கழிப்பறைக்கும் கணினிப் படிப்புக்கும் கொடுக்க மாட்டேன்.

மகள் எட்டாவது வரை ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். கணக்கு மட்டும் வரவே இல்லை. எட்டாவது முடிகிற நேரத்தில் எங்களைக் கூப்பிட்டு, "எங்களுக்குப் பத்தாவதில் நூறு சதவீதம் வரணும், இவளை வைத்துக்கொண்டு முடியாது, டி.சி. வாங்கிக்கங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக் கட்டண பாக்கியும் கழுத்தை நெரிக்கும். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினோம். இப்போது அப்படி இழுத்தடிக்கிறவர்களிடம் வாதாட நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருப்பதை அதில் எழுதவும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

2023 ஜூனில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். கட்டணம் கிடையாது. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் எல்லாம் பள்ளி வழியாகவே கிடைத்தன. தலைமை ஆசிரியை பழைய மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, கணக்கு மிஸ்ஸைப் பார்த்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் அந்தப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள் என்று பிள்ளை முன்னால் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கணக்கு ஆசிரியை செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளியிலும் பெற்றோர் தேட வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் வாரத்திலேயே புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆறாவது, ஏழாவது பாடத்திலிருந்து ஒரு தாள் கொடுத்தார். மதிப்பெண் போடவில்லை. எங்கே தப்பு, எந்த மாதிரித் தப்பு என்று குறித்து வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். மைனஸ் 3-ஐயும் மைனஸ் 5-ஐயும் கூட்டச் சொன்ன இடத்தில் மகள் ப்ளஸ் 8 என்று எழுதியிருந்தாள். 'மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்' என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். அது பெருக்கலுக்கான விதி, கூட்டலுக்கு அல்ல. இந்த ஒரு ஓட்டையால் அதற்கு மேல் கட்டியது எல்லாமே சரிந்திருக்கிறது. ஒன்பதாவதில் காரணிப்படுத்தும்போது, பெருக்கினால் 15, கூட்டினால் மைனஸ் 8 வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை மைனஸ் 3, மைனஸ் 5. அவற்றைக் கூட்டினால் ப்ளஸ் 8 என்று நம்புகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் வராது. "உங்க பொண்ணு சோம்பேறி இல்லம்மா, தப்பான விதியை ஒழுங்கா ஃபாலோ பண்ணியிருக்கா" என்றார் அந்த மிஸ். பழைய பள்ளியில் இத்தனை வருடம் எத்தனையோ சிவப்பு வட்டம் போட்டார்கள், ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

திருத்தியதும் சுலபமாகத்தான். ஐஸ்காரருக்கு 3 ரூபாய் கடன், டீசல்காரருக்கு 5 ரூபாய் கடன், ஆக மொத்தம் கையில் இருக்கிறதா, கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். துறைமுகத்துப் பிள்ளைகளுக்குக் கடன் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மாலையில் பள்ளி விட்ட பிறகு ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பின்னம், குறை எண், வாய்ப்பாடு என்று அடியிலிருந்து கொண்டுவந்தார். இப்போது ஆறு முதல் ஒன்பதாவது வரை 'திறன்' என்ற பெயரில் அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லித்தர அரசே தனியாக ஏற்பாடு செய்திருக்கிறது. அது வருவதற்கு முன்பே இந்த மிஸ் தானாகச் செய்தது இது.

அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், புத்தகப் பை ஊறிக் கூழாகிவிட்டது. பள்ளி திறந்த பிறகு யாருக்கு எந்தப் புத்தகம் போயிற்று, யாருக்குச் சீருடை போயிற்று என்று வகுப்பு வாரியாகக் கணக்கெடுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அரையாண்டுத் தேர்வையும் அரசு தள்ளிவைத்தது. எந்தப் பாடத்துக்கு நோட்டே இல்லாமல் போனதோ, அதற்கு மற்றப் பிள்ளைகளின் நோட்டை என் கடைக்கே கொண்டுவந்து நகல் எடுத்துப்போனார் ஒரு ஆசிரியை. காசை வாங்கிக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டினார்.

பத்தாவதுக்குப் போனதும் பாடத்திட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. சமச்சீர் பாடத்தை 2018-லிருந்து படிப்படியாக மாற்றியதில் புத்தகங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் கனம் அதிகம். எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் படித்து முடிக்க நேரம் போதாது. கணக்குத் தாளில் 1 மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10, கடைசியில் 8 மதிப்பெண் கேள்வி இரண்டு. அந்த இரண்டில் ஒன்று வடிவியல், மற்றது வரைபடம். தேர்ச்சிக்கு 35 போதும். அதனால் இந்தப் பள்ளியில் வடிவொத்த முக்கோணமும் வட்டத்துக்குத் தொடுகோடும் கை தானாக வரைகிற அளவுக்குப் பழக்குகிறார்கள். கவராயம் வாங்க முடியாதவர்களுக்கு அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த 16 மதிப்பெண்ணும் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருக்கும் 'புக் பேக்' ஒரு மதிப்பெண் கேள்விகளும் கையில் இருந்தால் பிள்ளை பயமில்லாமல் தேர்வு அறைக்குள் போகிறது. என் மகள் கணக்கில் 61 எடுத்தாள். எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

ஆனால் இதே முறை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் போதவில்லை. மகளின் தோழி ஒருத்தி எல்லாக் கணக்கையும் தானே போடுவாள். பிப்ரவரி முழுக்க அவளும் அதே வடிவியலைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். 80 எடுக்கிறவளை 95-க்குக் கொண்டுபோக அங்கே ஆள் இல்லை, நேரமும் இல்லை. ஆங்கில வழிப் பிரிவிலும் பாடத்தைத் தமிழில்தான் விளக்குகிறார்கள். புரிவதற்கு அது நல்லது, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விடையைச் சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவதில்லை. கைடைப் பார்த்து உருப்போடுவதுதான் நடக்கிறது.

என் வேலையிலிருந்து பார்த்ததால் எனக்கு மிகவும் பெரிதாகப்பட்ட ஒன்றும் இருக்கிறது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பெற்றோரையும் வரவழைத்து, பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார் வகுப்பு ஆசிரியை. மதிப்பெண் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். மகளுக்கு ஆதாரில் ஒரு மாதிரி, டி.சி.யில் ஒரு மாதிரி இருந்தது. "இப்பவே மாத்திட்டு வாங்க, அப்புறம் இவ வேலைக்குப் போகும்போது அலைய வேண்டியிருக்கும்" என்று திருப்பி அனுப்பினார். ஒரு எழுத்து தப்பாக விழுந்ததால் அரசிதழில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்ய என்னிடம் வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பெரும்பாலும் எங்கள் பகுதியில் எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள்தான். ஒரு மணி நேரம் செலவழித்து அந்த ஆசிரியை பிள்ளைகளுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது எத்தனை வருட அலைச்சல் என்பது எனக்குத் தெரியும்.

நல்லொழுக்கம், விழுமியம் என்று சுவரில் எழுதி வைப்பதை எல்லாப் பள்ளியும் செய்கிறது. இங்கே நான் கவனித்தது வேறு. மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பதில்லை, தாளைக் கையில் கொடுக்கிறார்கள். வாசலில் முதல் மூன்று பேர் படம் போட்ட பேனர் இல்லை. 2024 கடைசியில் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணியாகப் பிரித்தபோது, ஒவ்வொரு அணியிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 சுவரில் இருப்பதோடு நில்லாமல், அது எதற்கு, கூப்பிட்டால் என்ன ஆகும் என்று உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மீன் காயவைக்கப் போய்விட்டாள். அவள் வரவில்லை என்று ஆசிரியைகள் இருவர் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு தடவையில் நடக்கவில்லை, மறுபடியும் வந்தார்கள். அவள் தேர்வு எழுதினாள்.

இனிக் குறைகள். கழிப்பறை போதாது. இடைவேளையில் வரிசை, மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் இல்லை. நாப்கின் கொடுக்கிறார்கள், எரிக்கும் இயந்திரம் ரிப்பேராகிக் கிடக்கிறது. பெண்கள் பள்ளியில் இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது. தண்ணீர் குடிக்காமலே மாலை வரை இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், கூட்டத்தில் எழுந்து சொன்னேன், தீர்மானத்தில் எழுதினார்கள், மோட்டார் மாறியது, கழிப்பறை இன்னும் கூடவில்லை. கணினி ஆய்வகம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஆசிரியைகள் விவரம் பதிவேற்றவும் இணையவழித் தேர்வு வைக்கவும்தான் அது அதிகம் பயன்படுகிறது. என் மகள் தட்டச்சு கற்றது என் கடையில். விளையாட்டுப் பீரியடை ஜனவரிக்குப் பிறகு கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தெருவுக்குத் தெரு பந்து உருட்டுகிற, கேரம் ஆடுகிற வட சென்னையில் இது அநியாயம்.

பதினொன்றில் வணிகவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். பதினொன்றாவதுப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்தது. பல தனியார் பள்ளிகள் அந்த வருடப் பாடத்தையே நடத்தாமல் நேராகப் பன்னிரண்டாவதுக்குத் தாவியதும் அது வந்ததற்கு ஒரு காரணம். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மை. இங்கே இதுவரை பாடத்தைத் தாண்டவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அறிவியல் பிரிவில் வேதியியலுக்கு நெடுநாள் ஆள் இல்லாமல் இருந்து, குழு மூலம் தற்காலிக ஆசிரியை வந்தார். அந்தப் பிரிவில் சேர்க்க நினைப்பவர்கள் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்று, மதிய உணவு பத்தாவதோடு நின்றுவிடுகிறது. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்த ஊர் இது. பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பசிக்காதா? தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய முதல் வாரங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் டிபன் பாக்ஸ் பாதியாகத்தான் போகும். இதை எழுதுகிற இடத்தில் எல்லாம் எழுதப்போகிறேன்.

சேர்க்க நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு, இவை எல்லாம் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் (மாத உதவித்தொகை இரண்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு). கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியாரில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதில் வருகிறவர்களுக்கும் வழி உண்டு. கட்டணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதாவதில் வந்த என் மகளுக்குக் கிடையாது. மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளியாகத்தான் கணக்கில் வரும், அதில் சந்தேகம் வேண்டாம். எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஆறாவதிலேயே மாற்றிவிடுங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், டி.சி., வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சின்னவனை வருகிற ஜூனில் பக்கத்து ஆண்கள் பள்ளியில் ஆறாவதில் சேர்க்கிறேன். அங்கே கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.