நிறுத்தப்பட்ட தேர்வுக்குப் பயிற்சிக் கட்டணம்: பினாங்கில் எனக்கு நடந்தது

"மைக்ரோசாஃப்ட் டெஸ்க்டாப் டெவலப்பர் சான்றிதழ்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஜார்ஜ்டவுனிலோ பட்டர்வொர்த்திலோ வகுப்பில் சேரப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அப்படி ஒரு தேர்வை மைக்ரோசாஃப்ட் இப்போது நடத்துவதில்லை. இல்லாத தேர்வுக்கு என்னிடம் 3,200 ரிங்கிட் வாங்கினார்கள். என் வகுப்பில் இருந்த மற்றவர்களிடமும் அதே தொகைதான்.

நான் பாயான் லெப்பாஸில் சோதனை இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பொலிடெக்னிக் டிப்ளோமா. எங்கள் இயந்திரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கணினி இருக்கும். கேமராவும் மோட்டாரும் ஸ்கேனரும் அதோடுதான் இணைந்திருக்கும். ஆப்பரேட்டர் பார்க்கும் திரை, விண்டோஸ் திரைகள் அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் என்ற கருவிகளில் ஒன்றைக் கொண்டு, சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதியது. வெளியே எல்லாரும் வெப், மொபைல், கிளவுட் என்று போய்விட்டாலும், 1972ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. டெக்னீஷியனாக இருந்து மென்பொருள் பக்கம் மாற நினைக்கும் நம் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அந்த ஆசையை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இந்த மாதிரி மையங்கள் கடை விரிக்கின்றன.

அந்த மையம் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சேர்க்கைக்குப் பொறுப்பானவர் தமிழர், அன்பாகத்தான் பேசினார். "தம்பி, உங்ககிட்ட டிகிரி இல்ல. ஆனா இந்தச் சான்றிதழ் கையில இருந்தா யாரும் டிகிரி கேக்க மாட்டாங்க" என்றார். தேர்வு எண் என்ன என்று கேட்டேன். 70-511 என்றார், தயங்காமல். தேர்வுக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்றேன். வவுச்சர் சேர்த்துத்தான் இந்த விலை என்றார். இன்னமும் நடக்கிற தேர்வுதானா என்றும் கேட்டேன். "நடக்காத தேர்வுக்கு வகுப்பு எடுப்போமா தம்பி?" என்று பதில் வந்தது. தொழிலாளர் பயிற்சி நிதியை நடத்தும் எச்ஆர்டி கார்ப்பில் பிறகு பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பணத்தை நிறுவனக் கணக்கில் கட்டச் சொல்லவில்லை. ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கைக் கொடுத்து, "இதுதான் எங்க முதலாளி கணக்கு" என்றார். ரசீது மட்டும் மையத்தின் பெயரில் தந்தார்கள்.

சனிக்கிழமை வகுப்புகள். பாடம் எடுத்தவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் பகுதி நேரமாக வருபவர், பொறுமையானவர், தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். அவர் நடத்திய எக்ஸ்ஏஎம்எல் (XAML), டேட்டா பைண்டிங், டிபெண்டன்சி ப்ராப்பர்ட்டி, ரூட்டட் ஈவென்ட் என்ற அடிப்படைகள் எல்லாம் இன்றும் டபிள்யூபிஎஃப்பில் அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பாடம் வீண் இல்லை. ஆனால் அவர் கையில் மையம் கொடுத்திருந்த புத்தகம், சி ஷார்ப் மென்பொருள் ஓடும் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4க்கும், நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோ 2010க்கும் எழுதியது. டாட்நெட் 4 வெளிவந்தது 2010ல். அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2016 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2019ல் டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோர் 3.0 வந்தபோது வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும் அதிலும் வந்தன. எங்கள் தொழிற்சாலையில் புதிய இயந்திரங்களுக்கு அந்த வழியில் வந்த பதிப்புகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். டெஸ்க்டாப் மென்பொருளில் திரையை வரைவதும், பட்டன் அழுத்தியதைக் கவனிப்பதும் ஒரே த்ரெட்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வேலை வரிசை. கேமராவிலிருந்து படம் வரும்வரை அந்த த்ரெட்டைக் காக்க வைத்தால் திரை உறைந்துவிடும். ஆப்பரேட்டர் நிறுத்து பட்டனை அழுத்தினாலும் மென்பொருளுக்கு அது எட்டாது. இயந்திரத்தோடு வேலை செய்கிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பி, முடிவை மட்டும் திரைக்குக் கொண்டுவரத் தெரிய வேண்டும். 2012ல் சி ஷார்ப் 5 வந்ததிலிருந்து இதை அசிங்க், அவெயிட் என்ற இரண்டு நிரல் சொற்களைக் கொண்டுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எங்கள் புத்தகம் பேக்ரவுண்ட்வொர்க்கர் என்ற பழைய முறையோடு நின்றுவிட்டது. நான் கேட்டபோது, அது பாடத்திட்டத்தில் இல்லை என்று ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார். வேலையில் முதல் நாளே தேவைப்படும் விஷயம் 3,200 ரிங்கிட் கட்டிய வகுப்பில் இல்லை.

அப்புறம்தான் அந்த பிடிஎஃப் வந்தது. பாதிப் பாடம் முடிந்ததும், "இதை மனப்பாடம் பண்ணுங்க, தேர்வுல அப்படியே வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பினார்கள். டம்ப் என்று சொல்வார்களே, அதுதான். தேர்வு எழுதியவர்களிடமிருந்து திரட்டிய கேள்வியும் விடையும். அதில் சில விடைகள் தவறு. நிரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிகிறது. இதை நான் கடுமையாகச் சொல்ல விரும்புகிறேன்: மைக்ரோசாஃப்டின் தேர்வு விதிகளில் டம்ப் பயன்படுத்துவது மோசடி. பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யலாம், இனி எந்தத் தேர்வும் எழுத முடியாதபடி தடையும் விதிக்கலாம். தண்டனை மாணவனுக்கு. கோப்பை அனுப்பிய மையத்துக்கு ஒன்றும் ஆகாது. இருபது வயதுப் பிள்ளைகளை இந்த ஆபத்தில் தள்ளிவிட்டு அதையே "பயிற்சி வினாத்தாள்" என்று சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்வுத் தேதி மட்டும் வரவேயில்லை. தைப்பூசம் முடியட்டும் என்றார்கள், நோன்புப் பெருநாள் கழியட்டும் என்றார்கள், பிறகு சிஸ்டத்தில் கோளாறு என்றார்கள். வவுச்சர் எண்ணைக் கேட்டால் தேர்வுக்கு முதல் நாள்தான் தருவோம் என்று பதில்.

உண்மை வெளியே வந்தது வேலையிடத்தில். எங்கள் மென்பொருள் பிரிவில் மூத்த பொறியாளராக இருக்கும் ஓர் அக்கா, நான் படிப்பதைக் கேள்விப்பட்டு, தேர்வு எண்ணைக் கேட்டு மைக்ரோசாஃப்ட் தளத்தில் தேடிப் பார்த்தார். "தம்பி, இது எப்பவோ நிறுத்தின தேர்வாச்சே. அந்தக் குடும்பமே இப்ப இல்ல" என்றார். அவர் காட்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 70-511 என்பது டாட்நெட் 4 காலத்து விண்டோஸ் மென்பொருள் தேர்வு. அது போய், சி ஷார்ப்புக்கு என்று 70-483 இருந்தது. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்டி, எம்சிஎஸ்இ என்ற மைக்ரோசாஃப்டின் பழைய சான்றிதழ்களுக்கான மிச்சத் தேர்வுகளை 2020 ஜூனில் நிறுத்துவதாக முதலில் அறிவித்து, பெருந்தொற்றால் தள்ளிவைத்து, 2021 ஜனவரி 31ல் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். 70-483ம் அத்தோடு போனது. அவற்றின் இடத்துக்கு வந்தவை வேலைப் பொறுப்பை வைத்து அமைத்த சான்றிதழ்கள், பெரும்பாலும் கிளவுட் சார்ந்தவை. டெவலப்பருக்கு என்று வந்த ஏஇசட்-204 என்ற தேர்வும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரைப் பற்றியதுதான். வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் எழுதுகிறவருக்கு என்று தனித் தேர்வு கிடையாது.

இதைக் கொண்டுபோய் மையத்தில் காட்டினேன். முதலில் 70-483 எழுத வைக்கிறோம் என்றார்கள். அதுவும் இல்லையே என்றதும், எங்கள் மையத்தின் சான்றிதழே அதற்குச் சமம் என்றார்கள். சமம் கிடையாது. உண்மையான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ், அவர்களின் கற்றல் தளமான மைக்ரோசாஃப்ட் லேர்னில் உங்கள் சொந்தக் கணக்கில் பதிவாகும். வேலைக்கு எடுப்பவர் கேட்டால் அந்தப் பதிவின் இணைப்பை நீங்களே அனுப்பலாம். தங்க நிற விளிம்பு போட்டு அச்சடித்த தாளை வைத்து அதைச் செய்ய முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கையெழுத்திட்ட படிவத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதைக் காட்டினார்கள். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான, திசைதிருப்பும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, வகுப்பு மாதிரி தொடர்ந்து பெறப்போகும் சேவைகளைப் பற்றியது. இடையில் நிறுத்தினால் முழுக் கட்டணத்தில் 5 விழுக்காடும், அதுவரை பெற்ற சேவைக்கும் பொருளுக்கும் உரிய தொகையும்தான் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் அதுதான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்திலேயே பதியலாம். நான் ரசீது, பணம் அனுப்பிய பதிவு, விளம்பரத்தின் படம், 70-511 என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தி, தேர்வு நிறுத்தப்பட்டதைச் சொல்லும் மைக்ரோசாஃப்ட் பக்கத்தின் அச்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைத் தேதி வந்த பிறகுதான் மையத்திலிருந்து தானாக அழைப்பு வந்தது. நடந்த வகுப்புகளுக்கு என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு 2,100 ரிங்கிட் திருப்பித் தந்தார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். பணத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. படிப்பதற்காக ஓவர்டைம் விட்டுக்கொடுத்த அந்தச் சனிக்கிழமைகளுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

எந்த மையமானாலும் சேருமுன் தேர்வு எண்ணைக் கேட்டு வாங்கி, மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் அந்தத் தேர்வின் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். தேதி பதிவு செய்யும் வசதி அதில் இருக்க வேண்டும். மலேசியா என்று தேர்ந்தெடுத்தால் கட்டணமும் தெரியும். இதற்கு யார் தயவும் வேண்டாம். பதிவை உங்கள் சொந்தக் கணக்கில், அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே செய்யுங்கள். தேர்வை நடத்துவது பியர்சன் வியூஇ என்ற நிறுவனம். மையம் வவுச்சர் தருவதாகச் சொன்னால் எண்ணையும் காலாவதித் தேதியையும் பணம் கட்டும் அன்றே கேளுங்கள். எச்ஆர்டி கார்ப் என்று யாராவது ஆசை காட்டினால், அந்த நிதிக்கு விண்ணப்பிப்பது உங்கள் முதலாளிதான், அதுவும் வகுப்பு தொடங்குமுன், என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு தனியாகப் போய் வாங்க முடியாது. தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்பை நான் விடவில்லை. அந்த அக்கா சொன்ன வழியில் போகிறேன். மைக்ரோசாஃப்டும் ஃபிரீகோட்கேம்ப் என்ற இலவசக் கற்றல் தளமும் சேர்ந்து 2023ல் தொடங்கிய அடிப்படை சி ஷார்ப் சான்றிதழ் முற்றிலும் இலவசம். ஏறக்குறைய 35 மணி நேரப் பாடம், கடைசியில் தேர்வு. டெஸ்க்டாப்புக்கு என்று தனியாக எதுவும் அதில் இல்லை, ஆனால் மொழியின் அடித்தளம் உறுதியாகிறது. விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பும் தனிநபருக்கு இலவசம்தான். டபிள்யூபிஎஃப் ஆவணங்கள் எல்லாம் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே திறந்து கிடக்கின்றன. கணினியோடு கேபிளில் இணைத்த கருவியின் வெப்பநிலையை சீரியல் போர்ட் வழியாகப் படித்து, திரை உறையாமல் வரைபடமாகக் காட்டும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி அக்காவிடம் காட்டினேன். சான்றிதழ் பற்றி அவர் கேட்கவேயில்லை. கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்றுதான் கேட்டார். இப்போது அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு வகுப்பில் பணம் கட்டிவிட்டவர்கள் அடுத்த வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். இன்றே வாட்ஸ்அப் உரையாடலைச் சேமித்து வையுங்கள், விளம்பரத்தை அவர்கள் நீக்குமுன் படம் எடுங்கள். தேர்வு எண்ணையும் தேதியையும் எழுத்தில் தரச் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தச் செய்தியும் ஓர் ஆதாரம்தான், அதையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம், என்னிடமும் கேட்கலாம். நான் போட்ட மனுவின் நகல் இருக்கிறது, பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பி வைக்கிறேன்.