சேல்ஸ் ரெப் பில்களுக்கு ஜோஹோ எக்ஸ்பென்ஸ்: நாகர்கோவில் கடைக்காரர்களுக்கு ஒத்துவருமா?

குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம் என்று தினமும் ஆள் அனுப்பும் விநியோகஸ்தர்களுக்கு ஊழியர்களின் செலவு பில்களைப் பதிந்து ஒப்புதல் வாங்கும் ஜோஹோ எக்ஸ்பென்ஸ் செயலி நன்றாகவே ஒத்துவரும். பில் வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துப் போடும் வசதி ஒன்றே போதும். பெட்ரோல் பங்க் ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. சட்டைப் பையில் வெயிலும் வியர்வையும் பட்டால், மாதக் கடைசியில் தொகை மங்கி வெறும் தாள்தான் மிஞ்சும். ஊழியருக்குக் கைக்காசு நஷ்டம்.

அச்சடித்த பில்லில் தேதியையும் தொகையையும் தானே எடுத்துக்கொள்ளும். கையெழுத்துச் சீட்டுக்கு அதை நம்பாதீர்கள். தொகையை நீங்களே அடித்து, படத்தை ஆதாரமாக வையுங்கள்.

செயலி ஜி.பி.எஸ். வைத்துக் கணக்கிடும் பைக் கிலோமீட்டரில்தான் தகராறு அதிகம். பேச்சிப்பாறைப் பக்கம் டவர் இல்லாததால் தூரம் குறைகிறது என்பார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் வேண்டாம். போனின் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடுவதே பெரும்பாலும் காரணம். இந்தச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அதைவிட, காலையிலும் மாலையிலும் ஓடோமீட்டர் எண்ணைப் பதியச் சொல்வது உறுதியான வழி; அதற்கும் இடமிருக்கிறது.

மேலாளர், கணக்கர், பங்குதாரர், முதலாளி என்று காகித வவுச்சரில் இருந்த நாலு கையெழுத்தையும் அப்படியே செயலிக்குள் ஏற்றினால் வாங்கியதே வீண். ஒருவர் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தனை பேர் பணமும் நிற்கும். பேட்டா, பெட்ரோல், லாட்ஜ் ஒவ்வொன்றுக்கும் உச்சத் தொகையை முதலில் எழுதிவையுங்கள். அதற்குள் வரும் கிளைமுக்கு மேலாளர் ஒருவர் போதும். தாண்டியது மட்டும் முதலாளியிடம் போகட்டும். முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் பதியுங்கள், கிளைமில் கழித்துக்கொள்ளலாம்.

வரி விஷயத்தைச் செயலி தலையில் கட்ட முடியாது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் ரெப் தங்கினால், லாட்ஜ் பில்லில் விழுவது கேரள ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. பதிவில் அதற்கு உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்டவேண்டிய வரியில் கழிப்பது) கிடைக்காது. பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இல்லை. ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், சரக்கு வண்டி வாடகை போன்ற சில விலக்குகள் தவிர, வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. சரக்கு வண்டி வாடகைக்கு வரம்பு 35,000 ரூபாய். இவற்றுக்குச் செயலியில் தனித்தனி செலவு வகை போட்டு, ‘வரிக்கழிவு இல்லை’ என்று வகைப் பெயரிலேயே எழுதிவிட்டால் கணக்கர் ஒவ்வொரு பில்லாகத் தோண்ட வேண்டியதில்லை.

மூன்று பேர் வரை இலவசத் திட்டம் உண்டு. இரண்டு ரெப்பும் ஒரு மேலாளருமாக ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களைச் சேருங்கள்.