முந்தி வெட்டுறதா, காத்திருந்து அடிக்கிறதா? ஜெர்மன் லாங்ஸ்வோர்ட்ல (ரெண்டு கையால பிடிக்கிற நீள வாள்) எது பெட்டர்

லீஹ்டெனாவர்ங்கிற வாள் ஆசான் பேர்ல வர்ற 14, 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வாள் சண்டைல டைமிங்கை "ஃபோர்", "நாஹ்"னு பிரிப்பாங்க, முந்துறது ஃபோர், எதிராளி முந்திட்டா அதுக்குப் பதில் சொல்றது நாஹ், நடுவுல "இன்டெஸ்"னு ஒண்ணு இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஃபோர் பக்கம் பேசணும்னா அவரோட செய்யுளுக்கு எழுதின பழைய உரைகளே அதுக்குத்தான் சப்போர்ட். நீ முதல்ல வெட்டு, பட்டாலும் படலைன்னாலும் உடனே அடுத்ததைப் போடு, அவன் தடுத்துக்கிட்டே இருக்கட்டும்ங்கிறாங்க. சீக்கிரம் பயப்படுறவன் இந்தக் கலையையே கத்துக்காதேன்னு செய்யுள்லயே வருது! ஆனா புதுசா வர்றவங்க ஃபோர்னா வேகம்னு நெனச்சிட்டு எட்டாத தூரத்துல இருந்தே சுத்துவாங்க, வாள் வெத்தா கீழ போகும், அது மேல வர்றதுக்குள்ள எதிராளி உள்ள வந்து தலைல வெச்சிடுவான். அப்படி வெட்டு தவறினவனைத் தொடர்ந்து போய் அடிக்கிறதுக்கு நாஹ்ரைசன்னு தனிப் பேரே இருக்கு.

நாஹ் சேஃப் மாதிரி தெரியும், ஆனா வெறுமனே தடுக்கிறது மட்டும்னா நாலாவது வெட்டுல மாட்டிப்பீங்க, தடுக்கிறதையே நம்பி நிக்காதேன்னு செய்யுளும் திட்டுது. நல்ல நாஹ்னா அது ஸோர்ன்ஹாவ்ங்கிற வெட்டு மாதிரி இருக்கணும்: அவன் தன் வலது மேல இருந்து வெட்டுறான், நீங்களும் உங்க வலது மேல இருந்து எதிர்த்து வெட்டுறீங்க, ரெண்டு வாளும் மோதி ஒட்டுது, அவன் பிடி லூசா இருந்தா முனையை அப்படியே முகத்துக்கு விடுங்க, அவன் அழுத்தித் தள்ளுனா வாளை மேல எடுத்து மறுபக்கம் இறக்குங்க. அந்த லூசா டைட்டாங்கிறதைக் கையிலயே உணர்ந்து அதே நொடில முடிவெடுக்கிறதுதான் இன்டெஸ். இங்கதான் ஃபோர் கை மாறுது, யோசிச்சிட்டு நின்னா போச்சு.

என் ஓட்டு ஃபோருக்குத்தான், ஆனா தூரம் புடிபடற வரைக்கும் இல்ல. டோர்னமென்ட்ல ரெண்டு பேரும் ஃபோர் ஃபோர்னு பாஞ்சு ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் அடி விழுறதைப் பாத்திருப்பீங்க, கூர் வாள்னா ரெண்டு பேரும் காலி. அதனால ஆரம்பத்துல ஸோர்ன்ஹாவ்லயே இன்டெஸ் பழகுங்க. அப்புறம் ட்ஸ்வெர்ஹாவுக்குப் போங்க, மேல இருந்து வர்ற வெட்டை அடைச்சிக்கிட்டே அடிக்கிற வெட்டு அது, முந்தவும் ஆகும், பதிலுக்கும் ஆகும்.