சிஐடி புதிய சீசன்: தடயம் பின்னால் போய்விட்டது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிஐடி புதிய சீசனில் ஒரே எபிசோடிலோ இரண்டிலோ முடிகிற வழக்குகளைத் தாராளமாகப் பார்க்கலாம். அதிகாரிகளின் சொந்தக் கதையாக வாரக்கணக்கில் இழுக்கிற பகுதிகளைத் தள்ளிவிடலாம். பழைய சிஐடியைப் பிடித்திருந்தவர்களுக்கு அந்தப் பகுதிகள் வருத்தத்தைத்தான் தரும். எனக்குத் தந்தது.

1998 ஜனவரியில் சோனியில் தொடங்கிய இந்தித் துப்பறியும் தொடர் இது. 2018 அக்டோபர் வரை 1547 எபிசோடுகள் ஓடியது. அப்புறம் ஆறு வருடம் எதுவும் இல்லை. 2024 டிசம்பர் 21 அன்று திரும்பி வந்தது, சனி ஞாயிறு இரவு பத்து மணிக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து நெட்ஃபிளிக்ஸிலும் கிடைத்தது. ஏசிபி பிரத்யுமனாக அதே சிவாஜி சாடம், அவர் குழுவில் அபிஜீத்தாக அதே ஆதித்ய ஸ்ரீவஸ்தவ், தயாவாக அதே தயானந்த் ஷெட்டி, தடயவியல் லேபில் அதே டாக்டர் சாலுங்கே. முதல் நாள் ஏசிபி அந்தக் கையை ஆட்டிக்கொண்டு யோசித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

நான் சென்னை ராயபுரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். வீடு காசிமேடு பக்கம். காலையில் சவுகார்பேட்டை வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலையில் ஒரு பகுதி. தங்கசாலைத் தெரு, யானைக்கவுனி, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று மாடி மாடியாக ஏறி இறங்கித்தான் இந்தியும் வந்தது. ஆனால் இந்தி வருவதற்கு முன்பே சிஐடி பார்க்கிறேன். அப்பா ஹார்பர் வேலை முடிந்து வந்து கேபிளில் போடுவார். ஒரு வார்த்தை புரியாது, கதை மட்டும் புரியும். பிணம், பங்களா, உடைந்த கண்ணாடி, அதில் ஒட்டியிருக்கும் ஒரு நூல். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் ஓர் ஆள் நிற்பார்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். நம் ஊர் சினிமாவில் கொலை என்றால் கேமரா நேரே எங்கள் தெருவுக்கு வந்துவிடும். லுங்கி கட்டிய பையன், மீன் வெட்டுகிற கத்தி, குறுகிய சந்து. சிஐடியில் குற்றம் பெரும்பாலும் பணக்கார வீட்டுக்குள் நடக்கும். சொத்து, உயில், கௌரவம் என்று காரணம் இருக்கும். வேலைக்காரர்மேல் முதலில் சந்தேகம் வரும், வந்தவுடன் ஏசிபி "இது இவ்வளவு சுலபம் இல்லை" என்பது போல் ஒரு பார்வை பார்ப்பார். முகத்தையும் முகவரியையும் வைத்து முடிவு கட்டாமல், கிடைத்த பொருளிலிருந்து ஆளிடம் போகிற போலீஸ். அப்படி ஒரு போலீஸை டிவியில்தான் நாங்கள் பார்த்தோம்.

நிஜத்தில் என் தம்பிக்கு நேர்ந்தது வேறு. பைக் திருட்டு ஒன்றுக்காக அவனை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். அந்த பைக்குக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த ஏரியா என்று கேட்டார்கள், சொன்னான், அவ்வளவுதான். மறுநாள் காலையில் விட்டுவிட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்தத் தொடரைப் பார்க்கிறேன், அதனால் என் மதிப்பீட்டில் இதற்கும் இடம் இருக்கிறது.

சரி, புதிய சீசன். அபிஜீத் தயாவைச் சுடுவதுதான் ஆரம்பம். விளம்பரத்திலேயே அதைக் காட்டிவிட்டார்கள். இருபது வருடம் தோளோடு தோள் நின்ற இருவரும் எதிரிகள் ஆகிவிட்டார்கள், ஏன் என்பதுதான் புதிர். நான் ரத்தம் எடுக்கப் போகிற ஒரு மார்வாடி வீட்டுப் பாட்டி ஊசி குத்துவதைக்கூட கவனிக்கவில்லை. "இன்னாம்மா இது, அபிஜீத்து போய் தயாவ சுடுவானா? நம்பவே மாட்டேன்" என்று அதையே பேசிக்கொண்டிருந்தார். நானும் நம்பவில்லை. நமக்குத் தெரிந்த இரண்டு பேரிடையே பகை மூட்டி நம்மை உட்கார வைக்கிறார்கள். அதில் நடிப்பு நன்றாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆதித்ய ஸ்ரீவஸ்தவுக்குப் பேசாமல் நிற்கிற காட்சிகளில் இன்னும் அந்தப் பழைய சக்தி இருக்கிறது. ஆனால் கொலையானவர் யார், அவர் வீட்டில் யார் அழுகிறார்கள் என்கிற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது.

அப்புறம் 2025 ஏப்ரலில் ஏசிபியையே கொன்றார்கள். குண்டுவெடிப்பு. வைத்தவன் பார்போசா என்ற வில்லன், அந்த வேடத்தில் திக்மான்ஷு துலியா. சேனல் தன் சமூக வலைதளப் பக்கத்தில் நிஜ மனிதர் இறந்தது போல அஞ்சலிப் படம் போட்டது. 75 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு நடிகரின் படத்துக்குக் கீழே அப்படி எழுதியதைப் பார்த்து எத்தனை பேர் பதறியிருப்பார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்வையாளரின் பாசத்தை வைத்து அப்படி விளையாடக் கூடாது. அவர் இடத்துக்கு ஏசிபி ஆயுஷ்மானாகப் பார்த் சம்தான் வந்தார். பாவம், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கஷ்டம்தான். அவர் தன் வேலையைச் சரியாகவே செய்தார். சவுகார்பேட்டைப் பாட்டி மட்டும் அசையவில்லை. "ஏசிபி வருவாரு பாரு" என்றார். வந்தார். அவர் உயிரோடு திரும்பியதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சாவுக்காக நாங்கள் பட்ட துக்கத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

பார்போசா கதையில் என் பெரிய குறையே இதுதான்: குற்றவாளி யார் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் தடயத்துக்கு என்ன வேலை? துரத்தல், மிரட்டல், பழிவாங்கல் மட்டும்தான் மிச்சம். திக்மான்ஷு துலியா நல்ல நடிகர், அவர் வந்தாலே காட்சியில் ஒரு பயம் வருகிறது. இருந்தாலும் பிரபல வில்லனும் போலீஸும் மோதுகிற கதைக்கு வேறு நூறு தொடர்கள் இருக்கின்றன. நூலைப் பிடித்துப் போகிற கதைக்கு சிஐடிதான் இருந்தது.

இனி லேப். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது என் தொழில். சாலுங்கேவின் மேஜையில் இன்னும் கலர் கலரான திரவங்கள்தான். இந்த உலகத்தில் எந்த லேபிலும் அப்படி இருக்காது. ரத்தக் கறையா என்று பார்க்கிற ஒரு சாதாரண சோதனை இப்படி நடக்கும்: கறையைப் பஞ்சில் துடைத்து எடுத்து, பினால்ஃப்தலீன் கலந்த கரைசலை ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட வேண்டும். உடனே இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். 'இருக்கலாம்' மட்டும்தான், சில காய்கறிச் சாறுகளுக்கும் அந்த நிறம் வரும். மனித ரத்தமா என்று பார்க்க வேறு சோதனை, யாருடையது என்று பார்க்க டிஎன்ஏ. டிஎன்ஏ முடிவு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வராது. இந்தப் படிகளில் ஒன்றையாவது காட்டினால் கதை மெதுவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. 'இருக்கலாம்' என்கிற அந்த இடைவெளியில்தான் நல்ல துப்பறியும் கதைக்கு வேண்டிய தவிப்பெல்லாம் இருக்கிறது.

இன்னொன்று, சீல். நான் ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி டியூப், சாம்பல் மூடி டியூப் எதுவாக இருந்தாலும் அந்த ஆள் பக்கத்தில் நின்றபடியே பெயர், வயது, நேரம் எழுதி ஒட்டிவிட்டுத்தான் நகர்வேன். ஒரே கட்டடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவருக்குப் போய்விடும். சாதாரண சர்க்கரைக்கே இப்படி என்றால் கொலை வழக்குக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், சீல் உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்பது ஒருவருடைய ஆயுளையே முடிவு செய்யும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோ பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைக் கொண்டுவர ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. அதே வருடம் திரும்பி வந்த ஒரு தொடர் இதைப் பிடித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் உரிமையே உண்டு. இந்தியாவில் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849ல் மெட்ராஸில்தான் தொடங்கியது. விஷம் வைத்துக் கொன்றார்களா என்று கண்டுபிடிக்க, இறந்தவரின் குடல், ஈரல், சிறுநீரகத் துண்டுகளை அங்கே சோதித்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான விஷ வழக்குகளில் அவற்றை அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், ஆமாம், நம் வீட்டு உப்பேதான். மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு அந்த ஆய்வகம்தான் தொடக்கம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து சாலுங்கேவை எங்கள் ஊர்க்காரராகவே பார்க்கிறேன். நரேந்திர குப்தா அந்த வேடத்தில் இப்போதும் முதல்தரம். ஏசிபியும் அவரும் ஒருவரையொருவர் சீண்டுகிற காட்சிகள்தான் இந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்தவை.

தயா கதவை உடைப்பது வேண்டும், எத்தனை முறை உடைத்தாலும் பார்ப்பேன். தயா பிடிபட்டவரைக் கன்னத்தில் அறைவது வேண்டாம். பழைய சீசன்களிலும் அதை எனக்குப் பிடிக்காது, ஆனால் அங்கே தடயங்கள் எல்லாம் முன்னால் வைக்கப்பட்ட பிறகு கடைசியில் வரும். இப்போது வில்லன் யார் என்று முன்கூட்டியே தெரிவதால், அடிதான் விசாரணை என்று ஆகிவிடுகிறது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது, பழைய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், புதிய சட்டத்திலும் அப்படித்தான். ஏன் அப்படி ஒரு சட்டம் வைத்தார்கள் என்று என் தம்பியைக் கேட்டால் சொல்வான். வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அறைந்தால் உண்மை வரும் என்று அவர்கள் கற்றுக்கொள்ளக் கூடாது.

ஃப்ரெடி இல்லாதது தெரிகிறது. அந்த வேடத்தில் நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் காலமானார். பிணத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஒரு போலீஸ்காரர் கூட்டத்தில் இருந்ததால்தான் மற்றவர்களின் தைரியம் மனிதத்தனமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் வேறு யாரையும் வைத்து நிரப்ப முடியாது.

ஒருகாலத்தில் இதே குழு 2004ல் 111 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓர் எபிசோடு எடுத்து கின்னஸில் இடம் பிடித்தது. அந்தத் துணிச்சலை நினைத்துக்கொண்டுதான் குறை சொல்கிறேன். புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிணத்தோடு தொடங்கி லேப் வழியாகப் போகிற எபிசோடாக எடுங்கள், அதில் ஏசிபியும் சாலுங்கேவும் சேர்ந்து நிற்கிற காட்சி பெரும்பாலும் இருக்கும். பார்போசா பெயர் வந்தால் அடுத்த வழக்குக்குப் போய்விடுங்கள். எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை ஒரு டியூபில் பெயர் எழுதி ஒட்டி சீல் வைப்பதை ஐந்து விநாடி காட்டுங்கள்.