இன்சார்ஜ் சிஸ்டர்களுக்குக் கொள்கை வகுப்பு: ராயபுரத்து இரண்டு நாள் பயிற்சி எப்படி?

ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர், இரவில் யார், எந்தப் பதிவேடு என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அந்த வார்டை நடத்துகிறவரைக் கூப்பிடுவது அபூர்வம். கூப்பிட்டாலும், கணக்கோடு பேசத் தெரிந்தால்தான் அவர் பேச்சு எடுபடும். அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லி, சென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு தனியார் குழு, வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறது. மதியச் சாப்பாட்டோடு 1,500 ரூபாய். ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம். போகலாமா என்றால், கட்டாயம் போகலாம். ஆனால் எங்கே குறை என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதல் நாள் காலை முழுக்க உலக சுகாதார நிறுவனத்தின் 2020 செவிலியர் அறிக்கை. உலகில் அப்போது 2.79 கோடி செவிலியர் இருந்தார்கள், அரசில் தலைமைச் செவிலியர் பதவி வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவைதான். அதற்கு அரை மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் வேண்டாம். கையேட்டின் சட்டப் பகுதி 1947 இந்திய செவிலியர் குழுமச் சட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர் ஆணையச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கொள்கை வகுப்பில் இது பெரிய ஓட்டை.

மதிய வகுப்பில்தான் கொடுத்த காசுக்குப் பலன் தொடங்குகிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலியர் என்பது குழுமத்தின் அளவுகோல். ஒரு ஷிஃப்டுக்கே அப்படி என்று, கூடுதல் ஆள் கேட்கும் மனுவில் எழுதிவிடுவது பலர் செய்யும் பிழை. அது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு ஷிஃப்டுக்கு 9 பேருக்கு 1. படுக்கை 36 என்றால் ஷிஃப்டுக்கு 4, நாளுக்கு 12. விடுப்புக்கு 30 சதவீதம், அதாவது 3.6 கூட்டினால் சுமார் 16 பேர். இந்த ஓர் இடம் தவறினால் மனுவில் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, எந்த எண்ணை எடுப்பது என்பது. படுக்கை 36, தரையில் பாய் விரித்தவர்களோடு 50 என்றால், அன்றன்றைய நோயாளி எண்ணிக்கையை எழுதும் சென்சஸ் பதிவேட்டில் உள்ள 50-தான் வேலைச் சுமை. மாதச் சராசரி எழுதினால் இரவில் ஆள் குறைவது மறைந்துபோகும். ஷிஃப்டு வாரியாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். ஓ.பி.க்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ மாற்றிவிடப்பட்டவர், பேறுகால விடுப்பில் இருப்பவர் எல்லாரும் டியூட்டி ரோஸ்டரில் பெயராக இருப்பார்கள், வார்டில் இருக்க மாட்டார்கள். அவர்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். மூன்று மாதம் இப்படி எடுத்தால் யாரும் தள்ளிவிட முடியாத சான்று கையில் இருக்கும்.

இரண்டாம் நாள் ஒரு பக்க முன்மொழிவு எழுத வைக்கிறார்கள். பிரச்சினை இரண்டு வரி, எண்கள் ஒரு அட்டவணை, இரண்டு மாற்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் செலவு, யார் கையெழுத்திட வேண்டும் என்பது. “ஆள் போதவில்லை” என்று முடிகிற தாள்களைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை பணியிடம், எந்த நிலை, எந்த அரசாணையில் மாற்றம் என்று எழுதும்வரை விடுவதில்லை. இவ்வளவு கறாரான வகுப்பு அருமை.

ஆனால் எழுதிய தாள் எங்கே போகும் என்பதைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். சுகாதாரத் துறைக்கான பணம் சட்டமன்றத்தில் 19-ஆம் எண் மானியக் கோரிக்கையாக வரும். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வந்தாலும் துறையின் கணக்கு அதற்குப் பல மாதம் முன்பே தயாராகிவிடும். ஜனவரியில் கொடுக்கும் தாள் அந்த ஆண்டுக்கு உதவாது. பணியிடம் கேட்டால் நிதித்துறை ஒப்புதலும் வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் பத்திரிகைக்குப் போனால் 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் குறுக்கே வரும், உரிய வழியாக, அதாவது மேலதிகாரி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, தரக் குழு கூட்டங்களில் பேசி அதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வைப்பது எளிய முதல் படி. குறிப்பில் ஏறாத பேச்சை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் காட்ட முடியாது. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் பயிற்சியின் தரமே வேறு.

தேதியும் சரியில்லை. மாதக் கடைசியில் வைக்கிறார்கள். ரோஸ்டர் போடுவதிலும் இண்டென்ட் (பொருள் கேட்புப் பட்டியல்) எழுதுவதிலும் இன்சார்ஜ் சிஸ்டருக்கு வேறெதற்கும் நேரமில்லாத நாள்கள் அவை. பத்துப் பேராகச் சேர்ந்து மாத நடுவில் கேட்டுப் பாருங்கள். நைட் முடித்து நேரே வகுப்புக்குப் போக வேண்டாம், கணக்கு வகுப்பில் தூக்கம் தாங்காது. மூன்று மாத ரோஸ்டர், சென்சஸ், ஊழியர் கையில் தவறுதலாக ஊசி குத்தியதை எழுதும் பதிவேடு ஆகியவற்றிலிருந்து எண்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டையோ நோயாளி பெயரையோ வெளியே கொண்டுபோகக் கூடாது. எண்கள் இல்லாமல் போனவர்களுக்கு இரண்டாம் நாள் கற்பனை வார்டை வைத்து எழுதும் பயிற்சிதான் கிடைக்கும்.