கொடியேற முதல் ஒரு கூழ்: யாழ்ப்பாணத்தில் எங்கள் கோடை லீவு

ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில்தான் மூடும். பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற கனடாத் தமிழருக்கு ஜூலை, ஆகஸ்டை விட்டால் வேறு வழியில்லை. யாழ்ப்பாணத்தில் அது சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிற காலம். நல்லூர்க் கந்தன் திருவிழாவும் அப்போதுதான். 2025இல் ஜூலை 29 கொடியேற்றம், அதிலிருந்து 25 நாள். வான்காரர் கேட்கிற காசிலிருந்து வீட்டில் என்ன சமைப்பது என்பது வரை எல்லாவற்றையும் இந்த வெயிலும் திருவிழாவும்தான் தீர்மானிக்கின்றன. போக யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எங்கள் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் பயணம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறதுதான், ஆனால் ஓடுவது சின்ன ஏடிஆர் விமானம். ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு வருகிற கனடாக்காரருக்கு அது சரிவராது. நாங்கள் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வான் பிடித்தோம். பேசிய காசுக்குள் ஏசியும் அடக்கம் என்று வட்ஸ்அப்பில் எழுத்திலேயே சொன்னவர்கள், வவுனியா தாண்டியதும் ஏசியை நிறுத்திவிட்டு, "அண்ணை, இனி ஏசிக்குத் தனிக் காசு" என்றார்கள். பின்சீற்றில் அம்மா வியர்த்து விறுவிறுத்துப் போய் இருக்கும்போது யார் நின்று வாதாடுவது? கொடுத்தோம். ஆகவே பேசும்போது முழுக் காசையும் முதலே கொடுத்துவிடாதீர்கள். பாதியை வீட்டுப் படலையில் இறங்கிக் கொடுக்கலாம்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போலத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். சாப்பாட்டுக்கு நான் சிபாரிசு செய்வது அம்மாச்சி உணவகங்களைத்தான். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் தோசை சுடுகிறார்கள், இலைக்கஞ்சி ஊற்றுகிறார்கள், விலை நம்பமுடியாத மலிவு. எங்கள் சின்னவன் உழுந்து வடையை எண்ணாமல் சாப்பிட்டான்.

வீடு அம்மாவின் தங்கச்சி, எங்கள் சித்தியுடையது. நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு, ஓட்டுக் கூரை. ஏசி இல்லை. முதல் நாள் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கப் பழகிய பிறகு அவர்களைக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டு எடுப்பதுதான் பாடு. பராமரிப்பு வேலைக்காகக் காலை தொடங்கிப் பின்னேரம் வரை கரண்ட் நிற்கும் என்று சில நாட்களுக்கு முதலே அறிவித்துவிடுகிறார்கள். அந்த நாட்களைப் பார்த்து வெளியில் போகிற அலுவல்களை வைத்துக்கொண்டால் பிழைத்தோம். மற்றபடி பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளிக்கிடாமல் இருப்பதே புத்தி. ஊர்ச்சனமே அந்த நேரம் வெளிக்கிடாது.

அலுவல்கள் பரவாயில்லை. என் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க அங்கே காயப்போகிறேன் என்று நினைத்துப் போனது, மத்தியானத்துக்குள் பிரதி கையில் வந்துவிட்டது. காசு மாற்றக் கஸ்தூரியார் வீதி. இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஓட்டோவுக்குப் பிக்மி செயலியை ஃபோனில் வைத்திருந்தால் பேரம் பேசும் தலையிடி இல்லை. தரிப்பிடத்தில் நிற்கிற ஓட்டோவில் ஏறினால் உங்கள் சப்பாத்தைப் பார்த்தே விலை சொல்லுவார்கள்.

நயினாதீவுக்குக் காலையிலேயே போய்விட்டோம். குறிகட்டுவான் துறையில் படகுகள் வரிசைப்படி வருகின்றன, கடற்பயணம் கொஞ்ச நேரம்தான். ஆனால் படகின் கீழ்த்தட்டுக்குள் காற்று நுழையாது. வயதானவர்களை வாசலோரம் இருத்துங்கள். மத்தியானம் அம்மன் கோயில் அன்னதானம். அவ்வளவு சனத்தையும் இருத்தி, சோறு தட்டுப்பாடில்லாமல் பரிமாறி எழுப்புகிற ஒழுங்கை நான் எந்த ஹோட்டலிலும் கண்டதில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போனோம். தூரம் வரை ஆழமில்லாத தண்ணீர், பிள்ளைகளுக்கு நல்லது. உடுப்பு மாற்றும் இடத்தின் துப்புரவு பற்றி நான் எழுதாமல் விடுகிறேன்.

இனிக் கூழ். நல்லூரில் கொடியேறினால் சித்தி வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளும் அப்படித்தான், இறைச்சிக் கடைகளே ஈயோட்டும். அதற்கிடையில் ஆடி அமாவாசையும் வருகிறது. அப்பாவுக்காகக் கீரிமலையில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பதால் அன்றும் மரக்கறிதான். ஆகவே ஒடியல் கூழுக்கு, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு போட்டுக் காய்ச்சுகிற கூழுக்கு, நாள் குறிப்பது கலியாணத்துக்கு நாள் பார்க்கிற கணக்கில் நடந்தது. பாசையூர்ச் சந்தைக்கு விடியவே போய் நண்டும் இறாலும் மீனும் வாங்கினோம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்துக் கசப்பை எடுக்க வேண்டும். அதைச் சித்தி வேறு யாரின் கையிலும் விடவில்லை. பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் பெரிய பானைக்குள். பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு, நுளம்புக்குப் பொச்சுமட்டைப் புகை. அயலட்டையில் சொல்லாமலே ஆட்கள் வந்தார்கள். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் பின்வளவில் கோழி வாட்டினால் அயலவருக்கு முதலே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்!

பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தித் தந்தார்கள். மகளுக்குப் பிடிக்கத் தெரியாமல் முதல் கூழ் முழங்கை வழியே ஓடியது.

"அன்ரி, எனக்குக் கப்பில தாங்கோ" என்றாள்.

"கப்பில குடிச்சா அது சூப் பிள்ளை" என்று சித்தி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டா. "அதோட நான் அன்ரி இல்லை, ஆச்சி."

அந்த வெக்கையிலும், அந்த உறைப்பிலும், வியர்க்க வியர்க்க எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டார்கள்.

திருவிழா தொடங்கியதும் சேவைகளின் நிலை மாறும். கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடிவிடுவார்கள், வாகனத்தைத் தூர விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். காலை பத்து மணிக்கே மணல் சுடும். தண்ணீர்ப் பந்தலில் மோர் கிடைக்கும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நல்லூரில் அருச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். பூசையும் சொன்ன நேரத்துக்கு நடக்கும், யாருக்காகவும் காத்திருக்காது. விமான நிலையம், வங்கி, வான்காரர் என்று இந்தப் பயணத்தில் அதுவரை நான் கண்ட எல்லாவற்றிலும் நேரத்துக்கும் சொன்ன விலைக்கும் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான். பின்னேரம் பக்கத்தில் ரியோவில் ஐஸ்கிறீம். மேசை கிடைக்கக் காத்திருக்க வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நடைக்கான லஞ்சம் அது.

திரும்புவதற்கு யாழ்தேவி ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ரயில் பதிவு 30 நாளுக்கு முதல்தான் திறக்கும், திருவிழா நாட்களில் திறந்த கையோடு முடிந்துவிடும். அதனால் கொழும்பு வெள்ளவத்தைக்கு இரவு பஸ். சீற் சாயும், சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது, ஏசியும் கடைசி வரை ஓடியது. போர்வையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அவ்வளவு வெயிலில் திரிந்த நாங்கள் முதன்முதலாகக் குளிரில் நடுங்கியது அந்தப் பஸ்ஸில்தான்.